டிரெயின் போல்ட்டும் டார்க் ரெஞ்சும்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

பைக் ஆயிலை வீட்டிலேயே மாற்றுகிற பலரிடம் இப்போது, வைத்த அளவுக்கு முறுக்கியதும் கிளிக் என்று சொல்லும் டார்க் ரெஞ்சும் இருக்கிறது. நல்ல மாற்றம். ஸ்பேனரில் பைப் மாட்டி இறுக்கி, அடுத்த சர்வீஸில் மரையையும் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்த டிரெயின் போல்ட்டை (பழைய ஆயிலை வடிக்க இன்ஜின் அடியில் கழற்றும் போல்ட்) பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் ரெஞ்ச் கைக்கு வந்ததும் புதுக் குழப்பங்களும் கூடவே வருகின்றன. கிளிக் வராமல் போல்ட் சுற்றிக்கொண்டே போகிறது. கிளிக் வந்தும் காலையில் தரையில் சொட்டு. கடைசியில் ரெஞ்ச் சொல்வது நிஜம்தானா என்றே சந்தேகம் வந்துவிடுகிறது.

இவற்றை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். இதில் எதற்குமே "இன்னும் கொஞ்சம் ஏற்றி இறுக்கு" என்பது மருந்தில்லை. கிளிக் என்பது ரெஞ்சுக்குள் இருக்கும் ஸ்பிரிங் தருகிற தகவல். இவ்வளவு முறுக்கியாயிற்று என்று மட்டும் அது சொல்லும். வாஷர் பழையதா, மரையில் அழுக்கா, போல்ட் கோணலாக ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதைக் கையும் கண்ணும்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் எண் சரியா என்று பாருங்கள்

டிரெயின் போல்ட்டுக்கென்று பொதுவான ஓர் எண் கிடையாது. கேடிஎம் 390 டியூக்கின் எம்12 (12 மில்லிமீட்டர் விட்டம்) டிரெயின் போல்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர். ஹோண்டா சிபி500எக்ஸுக்கு 30. யமஹா எம்டி-07க்கு 43, அங்கே போல்ட்டே பெரியது, எம்14. அந்த 43ஐ எங்கோ பார்த்துவிட்டு 390இல் வைத்தால், கேஸில் (இன்ஜினின் வெளிக்கூட்டில்) இருக்கும் அலுமினிய மரைக்கு இரண்டு மடங்குக்கு மேல் சுமை. ஆகவே நண்பர் சொன்ன எண், வீடியோவில் கேட்ட எண் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, உங்கள் வண்டியின் மேனுவலில் உங்கள் மாடலுக்கு எதிரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது அலகு. மேனுவலில் நியூட்டன் மீட்டர், கிலோ விசை மீட்டர், அடி-பவுண்டு மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருக்கும். 20 நியூட்டன் மீட்டர் என்பது 2.04 கிலோ விசை மீட்டர், அல்லது 14.8 அடி-பவுண்டு. ரெஞ்சின் தண்டிலும் ஒரு பக்கம் ஓர் அளவு, மறுபக்கம் வேறு அளவு இருக்கும். அடி-பவுண்டுப் பக்கத்தைப் பார்த்து 20 வைத்துவிட்டால் போல்ட்டில் போய்ச் சேர்வது 27 நியூட்டன் மீட்டர். தண்டில் உள்ள எண்ணோடு கைப்பிடி வளையத்தில் உள்ள எண்ணையும் கூட்டித்தான் படிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். சில ரெஞ்சுகளில் தண்டின் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 14 வித்தியாசம் வரும். 10 என்று நினைத்துக்கொண்டு எண்ணினால் கணக்கு எங்கோ போய்விடும்.

கிளிக் வரவில்லை, போல்ட் சுற்றிக்கொண்டே போகிறது

இருப்பதிலேயே ஆபத்தான அறிகுறி இது. நேரமும் குறைவு, ஏனென்றால் நீங்கள் யோசித்துக்கொண்டே திருப்பும்போது மரை போய்க்கொண்டிருக்கும். எனவே முதலில் கையை எடுத்துவிடுங்கள்.

எப்போது நிறுத்துவது என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். எம்12 டிரெயின் போல்ட்டில் பெரும்பாலும் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். அதாவது அரைச் சுற்று சுற்றினால் போல்ட் 0.75 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். தட்டையான அலுமினிய வாஷரோ செம்பு வாஷரோ அவ்வளவு நசுங்காது. போல்ட் விரலால் முழுதாக உட்கார்ந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு ரெஞ்சை வையுங்கள். அந்தக் கோடு அரைச் சுற்று நகர்ந்தும் கிளிக் இல்லையென்றால் ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்கிறது. உள்ளே குழிவாக மடித்த வகை வாஷர் போடும் வண்டிகளில் மட்டும் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும்.

கையும் சொல்லும். புது வாஷரோடு இறுக்கும்போது முதலில் ஒரு மெத்தென்ற எதிர்ப்பு, பிறகு சீராக ஏறும் கெட்டி. அந்தக் கெட்டி ஏறிக்கொண்டே வந்து திடீரென்று லேசாகிவிட்டதா? அல்லது ஒரே அளவில் நின்று வழுவழுவென்று சுற்றுகிறதா? மரை இளகுகிறது என்று அர்த்தம். போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். மரைப் பள்ளங்களில் சரிகை நூல் போலச் சுருண்ட மெல்லிய வெள்ளிக் கம்பி சிக்கியிருந்தால் அது கேஸின் அலுமினியம். நகத்தால் நெண்டினால் உதிரும் சின்னத் தூள் என்றால் வெறும் தேய்மானமாக இருக்கலாம். நீளமாக உரிந்து வந்தால் சமாளிப்பு எதுவும் உதவாது, கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

மரை நன்றாக இருக்கிறது, ஆனாலும் கிளிக் இல்லை என்றால் தவறு ரெஞ்ச் தேர்வில் இருக்க வாய்ப்பு அதிகம். கார் சக்கர நட்டுக்காக விற்கப்படும் அரை இஞ்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) ரெஞ்சுகளில் பல 28 நியூட்டன் மீட்டரில் தொடங்கி 210 வரை போகின்றன. 20க்கு அதில் இடமே இல்லை. கைப்பிடியை 28க்குக் கீழே சுற்றி "சுமார் 20" என்று வைப்பவர்கள் உண்டு. அங்கே ஸ்பிரிங் தளர்ந்து கிடக்கும், கிளிக் வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு மதிப்பில்லை. பெரிய ரெஞ்சின் அடி எல்லையிலும் கிளிக் மிக மெலிதாக இருக்கும். நீளமான கைப்பிடியில் கை அதை உணராமலே கடந்துவிடும். பைக் ஆயில் வேலைக்கு 3/8 இஞ்ச் டிரைவில், உங்கள் எண் நடுப்பகுதியில் விழுகிற மாதிரி ஒன்று வாங்குங்கள். முழு அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே எந்த ரெஞ்சையும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் விலை கூடிய பெரிய ரெஞ்சைவிட, அளவு பொருந்திய சுமாரான சின்ன ரெஞ்சே இந்த வேலைக்கு நல்லது.

முதல் முறை பயன்படுத்துகிறவர்கள் டிரெயின் போல்ட்டில் கைவைக்கும் முன் வேறு ஏதாவது கெட்டியான எஃகு நட்டில் அதே எண்ணை வைத்து நாலைந்து தடவை கிளிக் செய்து பழகிக்கொள்ளுங்கள். கிளிக் காதுக்கு வருவதற்கு முன் உள்ளங்கைக்கு வரும். தெருவில் ஹார்ன் சத்தத்துக்கு நடுவில் வேலை செய்யும்போது அதுதான் உதவும்.

போல்ட் உட்காரும் முன்பே கிளிக் வந்துவிட்டது

வாஷர் இன்னும் விரலால் சுற்றுகிறது, ஆனால் ரெஞ்ச் கிளிக் என்கிறது. முறுக்கு முழுவதையும் மரையே தின்றுவிட்டது என்று பொருள். கோணலாக ஏற்றியிருப்பதே பெரும்பாலும் காரணம். உடனே கழற்றுங்கள்.

டிரெயின் போல்ட்டை ரெஞ்சாலோ ரேச்சட்டாலோ ஆரம்பிக்கக் கூடாது. சாக்கெட்டை மட்டும் விரலில் பிடித்து, முதலில் கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் போல்ட் லேசாக "டொக்" என்று உள்ளே அமரும். மரையின் தொடக்கம் அதுதான். அங்கிருந்து இறுக்கும் திசையில் திருப்பினால் மூன்று நான்கு சுற்று விரலாலேயே போக வேண்டும். போகவில்லையென்றால் போல்ட்டின் மரையைப் பிரேக் கிளீனரில் கழுவி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, கேஸின் துளையையும் பஞ்சு போகாத துணியால் துடையுங்கள். பனியன் வேஸ்ட் இதற்கு நல்லதுதான், நூல் பிரிந்து உள்ளே மாட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம், வேறு போல்ட். எங்கோ ஒரு சர்வீஸில் போல்ட் மாறி, நீளமானது வந்திருக்கும். அது உள்ளே முட்டிக்கொண்டு வாஷரைத் தொடாமலே கிளிக் தரும். பழைய போல்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள்.

இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. மரையில் ஆயில் அல்லது கிரீஸ் தாராளமாக இருந்தால் அதே கிளிக்கில் போல்ட் அதிகமாக இழுக்கப்படும். நாம் முறுக்கும் விசையில் பெரும்பகுதி, சுமார் பத்தில் ஒன்பது பங்கு, போல்ட் தலையின் கீழும் மரையிலும் உராய்வாகவே போய்விடுகிறது. மிச்சம் பத்தில் ஒரு பங்குதான் பிடிப்பாக மாறுகிறது. காய்ந்த எஃகு போல்ட்டுக்கு வழக்கமாகப் போடும் முறுக்குக் கெழு (நட் ஃபேக்டர், உராய்வையெல்லாம் சேர்த்த எண்) 0.2ஐ வைத்துக் கணக்குப் போட்டால், எம்12 போல்ட்டில் 20 நியூட்டன் மீட்டர் சுமார் 8,300 நியூட்டன் பிடிப்பைத் தரும். ஏறக்குறைய 850 கிலோ எடை. ஆயில் பட்டு அந்தக் கெழு 0.15 ஆகிவிட்டால் அதே கிளிக்கில் 11,100 நியூட்டன். மூன்றில் ஒரு பங்கு கூடுதல். டிரெயின் துளையில் ஆயில் ஈரம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அது பரவாயில்லை. மேனுவல் சொல்லாதபோது கிரீஸோ காப்பர் பேஸ்ட்டோ தடவ வேண்டாம்.

கிளிக் சரியாக வந்தது, காலையில் பார்த்தால் சொட்டு

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். தவறான பதிலும் இதற்குத்தான் அதிகம் சொல்லப்படுகிறது: "இன்னும் கால் சுற்று இறுக்கு". தயவுசெய்து செய்யாதீர்கள்.

முதலில் அது புதுக் கசிவுதானா என்று உறுதி செய்யுங்கள். ஆயில் வடியும்போது இன்ஜின் அடியில் உள்ள வரிப்பள்ளங்களிலும், இன்ஜினுக்குக் கீழே பெல்லி பான் என்ற மூடி இருக்கும் வண்டியில் அதற்குள்ளும் தேங்கிக்கொள்ளும். அது ஒருநாள் முழுக்கச் சொட்டும். இன்ஜின் ஆறியதும் பிரேக் கிளீனர் அல்லது மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அடிப்பகுதி முழுவதையும் துடைத்துக் காயவிடுங்கள். போல்ட் தலையைச் சுற்றியும் ஃபில்டர் மூடியைச் சுற்றியும் முகப் பவுடரை மெல்லியதாக ஊதிவிடுங்கள். ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, அரை மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் ஈரம் தொடங்கும் இடமே கசியும் இடம். ஆயில் கீழ்நோக்கி ஓடும், வண்டி ஓடும்போது காற்றில் பின்னாலும் போகும். அதனால் மேலேயும் முன்னேயும் பாருங்கள். டிரெயின் போல்ட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம், கசிவு ஃபில்டர் மூடியிலிருந்து இறங்கி வந்திருக்கும்.

போல்ட்டில்தான் கசிகிறது என்று தெரிந்துவிட்டால், சந்தேகத்தை வாஷரின் மேல் வையுங்கள். அலுமினிய வாஷர், செம்பு வாஷர் இரண்டும் ஒருமுறை நசுங்கித் தன்னைப் பொருத்திக்கொள்ளும் பொருட்கள். பழையதைத் திரும்பப் போட்டால் அந்தப் பள்ளம் அதே இடத்தில் உட்காராது. புதியதன் விலை ஆயில் விலையோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. ஆயில் வாங்கும்போதே கையோடு இரண்டு மூன்று வாங்கி வைத்துவிடுங்கள்.

கவனிக்காமல் விடுகிற இன்னொன்று: பழைய வாஷர் போல்ட்டோடு வராமல் கேஸிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆயில் பூசிய அலுமினியத்தில் அலுமினிய வாஷர் ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் புதியதைப் போட்டு இறுக்கினால் இரண்டு வாஷர், நடுவே ஒரு கசிவுப் பாதை. துளையின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படி மாதிரி தட்டினால் அது பழைய வாஷர். கழற்றும்போது ஸ்க்ரூ டிரைவரால் கேஸின் முகத்தைக் கீறிவிடாதீர்கள், மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் துண்டு போதும். அந்த முகத்தில் விழும் ஆழமான கீறல் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் கசியும்.

புது வாஷரும் சுத்தமான முகமும் இருந்து, மேனுவல் எண்ணில் இறுக்கியும் கசிந்தால், போல்ட் தலையின் அடிப்பக்கத்தைக் கண்ணாடிச் சில்லு ஒன்றின் மேல் வாஷரோடு வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். தலை வளைந்திருந்தால் போல்ட்டையே மாற்றிவிடுங்கள். புதிதாக ஊற்றிய ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்தால் திரும்ப ஊற்றலாம், வீணாக்க வேண்டியதில்லை.

கிளிக் வந்த பிறகு "சும்மா ஒருமுறை" என்று இரண்டாவது, மூன்றாவது கிளிக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். வேகமாக இழுத்தாலும் கிளிக்கைத் தாண்டிப் போய்விடும். போல்ட் நகர்ந்துகொண்டிருக்கும்போது, ஒரே மெதுவான இழுப்பில் கிளிக் வர வேண்டும். பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்கினால், நின்ற போல்ட்டை அசைக்கவே கூடுதல் விசை தேவைப்படும். அதனால் போல்ட் நகராமலே கிளிக் வரும், அந்தக் கிளிக்கை நம்ப முடியாது. அப்படி ஆகிவிட்டால் கால் சுற்று தளர்த்தி, மறுபடி ஒரே இழுப்பாக இழுங்கள்.

ஃபில்டர் பக்கத்துச் சின்ன போல்ட்டுகள்

டிரெயின் போல்ட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஃபில்டர் மூடியில் கோட்டை விடுவது உண்டு. 390 டியூக்கின் ஃபில்டர் மூடியில் இருப்பவை எம்5 போல்ட்டுகள், அவற்றுக்கு 6 நியூட்டன் மீட்டர்தான். 20க்கு வாங்கிய ரெஞ்சால் இதைச் செய்ய முடியாது. 2இல் தொடங்குகிற கால் இஞ்ச் டிரைவ் ரெஞ்ச் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சின்ன டி ஸ்பேனரை இரண்டு விரலால் மட்டும் பிடித்து, எதிரெதிர் போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். மூடியைச் சேர்த்துப் பிடிப்பது மட்டும்தான் போல்ட்டின் வேலை, ஆயிலைத் தடுப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். கசிந்தால் ஓ-ரிங் முறுக்கியிருக்கிறதா, வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓ-ரிங்கில் புது ஆயில் தடவிப் பொருத்தினால் முறுக்காது.

டப்பா வடிவ கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் உள்ள வண்டிகளில் பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இரட்டை வளையத்தோடு ஓட்டினால் சொட்டாது, கொட்டும். சிபி500எக்ஸில் இந்த ஃபில்டருக்கு 26 நியூட்டன் மீட்டர். டிரெயின் போல்ட்டுக்கு வைத்த 30ஐ மாற்றாமல் இங்கேயும் பயன்படுத்திவிட வேண்டாம்.

சாக்கெட் நேராகப் போகவில்லை

சைலன்சர் குழாயோ ஸ்டாண்டோ மறித்தால் நேரான எக்ஸ்டென்ஷன் ராடு போடலாம். அதனால் எண் மாறாது. ரெஞ்ச் வளையாமல், சாக்கெட் போல்ட்டில் முழுதாக அமர்ந்திருந்தால் போதும்.

காக்கைக்கால் எனப்படும் திறந்த வாய் அடாப்டர் போட்டால் கதை வேறு. அது ரெஞ்சின் நீளத்தைக் கூட்டுகிறது. ரெஞ்சின் டிரைவ் சதுரத்திலிருந்து கைப்பிடி நடுவரை 25 சென்டிமீட்டர், அடாப்டர் அதே நேர்கோட்டில் 5 சென்டிமீட்டர் நீள்கிறது என்றால், 20க்குப் பதிலாக 20 × 25 ÷ 30, அதாவது 16.7 வைக்க வேண்டும். அடாப்டரை ரெஞ்சுக்குச் செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் கணக்கே வேண்டாம், 20 என்றால் 20தான். இடம் இருந்தால் அப்படியே மாட்டுங்கள்.

ரெஞ்சின் மேலேயே சந்தேகம்

கீழே விழுந்த ரெஞ்ச், மாதக்கணக்கில் இறுக்கியபடியே பெட்டியில் கிடந்த ரெஞ்ச், இவை இரண்டையும் சந்தேகப்படுவது சரிதான். கை ரெஞ்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6789 தரப்படி, கிளிக் வகை ரெஞ்ச் 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் உள்ள அளவுகளில் 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 12 மாதம் அல்லது 5,000 கிளிக், எது முதலில் வருகிறதோ அப்போது மறுபடி அளவு பார்க்கச் சொல்கிறது. வருடத்துக்கு நாலு முறை ஆயில் மாற்றுகிறவருக்கு ஆய்வகக் கட்டணம் கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம். வீட்டிலேயே ஒரு பக்கெட்டும் தண்ணீரும் வைத்து ஓரளவு நம்பகமாகப் பார்த்துவிடலாம்.

டிரைவ் சதுரத்தை வைஸில் பிடித்து, ரெஞ்ச் தரைக்குச் சமமாகக் கிடைமட்டமாக நிற்கும்படி மாட்டுங்கள். கிளிக் எந்தத் திசையில் வரும் என்று பார்த்து, கைப்பிடி கீழே போவது இறுக்கும் திசையாக இருக்கட்டும். 20 வைத்து, கையால் நாலைந்து முறை கிளிக் செய்யுங்கள். உள்ளே உறைந்திருக்கும் கிரீஸ் பரவ இது தேவை. கைப்பிடியின் நடுவில், கை பிடிக்கும் இடத்தைக் காட்டும் கோடு இருந்தால் அதன் மேல், கயிற்றில் ஒரு காலி பெயின்ட் பக்கெட்டைத் தொங்கவிடுங்கள். மக்கால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். கிளிக் வந்ததும் நிறுத்தி, பக்கெட்டைத் தண்ணீரோடு எடை போடுங்கள்.

ரெஞ்சின் சொந்த எடையும் கணக்கில் சேரும். அதை அளக்க, டிரைவ் சதுரத்தை ஒரு மரக்கட்டை மேலும் கைப்பிடி நடுவைச் சமையலறைத் தராசின் மேலும் வைத்து, ரெஞ்சைக் கிடைமட்டமாகப் படுக்கவையுங்கள். தராசு காட்டுவதை அப்படியே பக்கெட் எடையோடு கூட்டிக்கொள்ளலாம். பக்கெட் 7.9 கிலோ, தராசு காட்டியது 0.3 கிலோ, டிரைவிலிருந்து கயிறு வரை 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 8.2 × 9.81 × 0.25 = 20.1. ரெஞ்ச் நன்றாக இருக்கிறது. இதே நீளத்தில் மொத்த எடை 7.83இலிருந்து 8.48 கிலோவுக்குள் வந்தால் 4 சதவீத எல்லைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். மூன்று முறை செய்து மூன்றும் நெருங்கி வருகின்றனவா என்றும் பாருங்கள். ஒரே பக்கம் தள்ளிக் காட்டும் ரெஞ்சைவிட, ஒவ்வொரு முறையும் வேறு வேறு காட்டும் ரெஞ்ச் மோசமானது.

கயிற்றை நடுவில்தான் கட்ட வேண்டும். கிளிக் வகை ரெஞ்சில் விட்டுக்கொடுக்கும் கீல், டிரைவ் சதுரத்திலிருந்து சற்றுத் தள்ளி உள்ளே இருக்கிறது. அதனால் பிடிக்கும் இடம் மாறினால் போல்ட்டில் விழும் அளவும் மாறும். இறுக்கும்போது கைப்பிடியின் நுனியையோ தண்டின் கழுத்தையோ பிடிக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

வேலை முடிந்ததும் ரெஞ்சை அதன் குறைந்தபட்ச எண்ணுக்குக் கொண்டுவந்து வையுங்கள். அதற்கும் கீழே சுற்றித் தொளதொளவென்று விட்டுவிட வேண்டாம்.

போல்ட் கழலவில்லை, தலை உருள்கிறது

டார்க் ரெஞ்சைக் கீழே வைத்துவிடுங்கள். கழற்றுவதற்கு அது இல்லை. போன முறை யாரோ பைப் போட்டு இறுக்கிய போல்ட்டுக்கு ரெஞ்சின் உச்ச அளவைவிட அதிக விசை தேவைப்படலாம், உள்ளே இருக்கும் பொறிமுறை கெட்டுவிடும்.

முதலில் திசை. வண்டிக்கு அடியில் கீழ்நோக்கி இருக்கும் போல்ட்டை மேலிருந்து எட்டிப் பார்த்துத் திருப்பும்போது வலம் இடம் மாறிவிடும். கழற்றுகிறோம் என்று நினைத்து இறுக்கியே மரையை உருவியவர்கள் இருக்கிறார்கள். போல்ட் தலையை நேருக்கு நேர் பார்க்கும் நிலையில், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும்.

பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரை விட ஆறு முனை சாக்கெட் தலையை நன்றாகப் பிடிக்கும். சாக்கெட்டை முழுதாக உட்காரவைத்து, நீளக் கைப்பிடியில் ஒரே சீரான இழுப்பு. வரவில்லையென்றால் தலையின் நடுவில் சுத்தியலால் இரண்டு மூன்று மிதமான தட்டு, பிறகு மறுபடி. தலை ஏற்கெனவே உருண்டிருந்தால் உருண்ட தலைக்கென்றே விற்கும் பிடுங்கும் சாக்கெட்டை வாங்குங்கள். குழாய் ரெஞ்சை வைத்துக் கேஸை உடைப்பதைவிட அது மலிவு. கழன்று வந்ததும் அந்த போல்ட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, புதியதைச் சரியான எண்ணில் போடுங்கள்.

மரை போய்விட்டது

டெஃப்லான் டேப், எம்-சீல், கேஸ்கட் பேஸ்ட் எதுவும் இங்கே வேலைக்காகாது. ஓடும்போது போல்ட் விழுந்தால் ஆயில் பின் சக்கரத்தில் கொட்டும். அதற்குப் பிறகு நடப்பது இன்ஜின் செலவோடு நிற்காது. பெரிய சைஸ் போல்ட்டைத் தானே மரை வெட்டிக்கொண்டு போகும்படி திணிப்பதும் உண்டு. வெட்டிய துகள் உள்ளே விழும், இன்ஜின் கேஸில் விரிசல் விழவும் செய்யும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சரியான வழி இரண்டு. ஒன்று ஹெலிகாயில்: துளையைப் பெரிதாக்கி, டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு, எஃகுக் கம்பிச் சுருளைப் பொருத்துவது. இன்னொன்று வெளியிலும் உள்ளிலும் மரை உள்ள கெட்டியான புஷ், நல்ல லேத் பட்டறையில் செய்து போட்டுத் தருவார்கள். டிரெயின் போல்ட்டைப் போல அடிக்கடி கழற்றி மாட்டும் இடத்துக்குப் புஷ்ஷே மேல் என்று நினைக்கிறேன். கம்பிச் சுருள் சில நேரம் போல்ட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். எதைச் செய்தாலும் துளை கேஸின் முகத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்தால் வாஷர் ஒரு பக்கம் மட்டும் அமர்ந்து, கசிவு தீராது. கையில் டிரில் பிடித்துச் செய்கிற கடையென்றால் வேறு கடை பாருங்கள்.

டேப்பின் பள்ளங்களில் கெட்டியாகக் கிரீஸ் பூசி, ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் வெளியே எடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஹெலிகாயிலின் அடியில் இருக்கும் சின்னக் கொக்கியை உடைத்தபின் அது வெளியே வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். முடிந்ததும் போல்ட் போடாமல், மேலிருந்து கால் லிட்டர் மலிவான ஆயிலை ஊற்றி வழியவிடுங்கள். வெள்ளைத் துணியில் பிடித்தால் துகள் மினுங்குவது தெரியும். துணி சுத்தமாக வரும்வரை ஊற்றி, ஆயில் ஸ்ட்ரெய்னர் சல்லடையையும் கழற்றிப் பார்த்துவிட்டு, புது வாஷரோடு மேனுவலில் இருக்கும் அதே பழைய எண்ணில் இறுக்குங்கள்.